வாசலில் வயது கேட்கிறார்கள்

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் வழியாகச் சென்னை போகும் ஜி.எஸ்.டி. சாலையில் செங்கல்பட்டைத் தாண்டினால் மறைமலைநகர். தொழிற்சாலைகளுக்குப் பேர்போன அந்த ஊரில் ஆஷியானா நிறுவனம் ‘சுபம்’ என்றொரு குடியிருப்பு வளாகத்தைக் கட்டியிருக்கிறது. அங்கே குடியேற 55 வயது ஆகியிருக்க வேண்டும். கோயம்புத்தூர்ப் பக்கம் இதுபோன்ற வளாகங்கள் இருபது ஆண்டுகளாகவே முளைத்துவருகின்றன. ‘ரிட்டயர்மென்ட் கம்யூனிட்டி’ என்று பேச்சை எடுத்தால் இந்தியாவில் முதலில் அந்த ஊர்ப் பெயர்தான் வரும். சில இடங்களில் 50, சிலவற்றில் 60 என்று எண் மாறும். வாசலில் வயது கேட்பது மட்டும் மாறாது.

வயதானவர்களுக்கென்று கட்டிய இடத்தில் வயதானவர்கள்தானே இருக்க வேண்டும், இதில் கேள்வி என்ன என்றுதான் முதலில் தோன்றும். விண்ணப்பத்தை நிரப்ப உட்காரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. கணவருக்கு 61, மனைவிக்கு 47. பத்துப் பதினைந்து வயது வித்தியாசத்தில் கல்யாணம் செய்துவைத்த தலைமுறைக்கு இது சாதாரணம். தம்பதியில் ஒருவருக்கு வயதிருந்தால் போதும் என்று வளாகங்கள் இதற்குப் பொதுவாக இடம்கொடுத்துவிடும். சரி, மூன்று வருடத்தில் அவர் காலமாகி, 50 வயதில் அந்த அம்மா தனியாக நின்றால்? விவாகரத்தாகித் திரும்பிவந்த 38 வயது மகள் அம்மாவோடு தங்கலாமா? அறிவுசார் குறைபாடு உள்ள 35 வயது மகனைப் பெற்றோர் எங்கே விட்டுவிட்டு வருவார்கள்? இருவரும் போன பிறகு வீடு பிள்ளை பெயருக்கு வருகிறது. பிள்ளைக்கு 40 வயது. தன் பெயரில் பத்திரம் இருக்கிற வீட்டில் அவன் குடியிருக்கலாமா, கூடாதா?

இத்தனைக்கும் ஓர் எண்ணை வைத்துக்கொண்டு பதில் சொல்லப் பார்க்கிறார்கள்.

கட்டுகிறவர்கள் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. இத்தகைய வளாகத்தில் வீட்டைவிட அதைச் சுற்றியிருக்கும் ஏற்பாடுதான் முக்கியம். மூன்று வேளைக்கும் மெஸ், இரவிலும் ஒரு நர்ஸ், கூப்பிட்டால் வரும் ஆம்புலன்ஸ், குளியலறையில் விழுந்தால் அடிக்க ஒரு மணி. இந்தச் செலவெல்லாம் மாதாந்திர மெயின்டனன்ஸாக எல்லா வீடுகள் மீதும் பிரிகிறது. ஐ.டி.யில் வேலைபார்க்கும் 32 வயதுத் தம்பதி அங்கே குடிவந்தால் ஆறாவது மாதம் அசோசியேஷன் கூட்டத்தில் எழுந்து, “நாங்க மெஸ்ல சாப்பிடறதே இல்லை, நர்ஸையும் கூப்பிட்டதில்லை, எதுக்கு சார் இந்தக் காசு?” என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானதுதான். ஆனால் அப்படி இருபது வீடுகள் ஒதுங்கிக்கொண்டால் மிச்சமுள்ள பெரியவர்களின் தலையில் அந்தச் செலவு ஏறும். இரவு நர்ஸை நிறுத்திவிடலாமா என்ற பேச்சு அடுத்த கூட்டத்தில் வரும்.

இன்னொரு காரணத்தை வெளியே சொல்லத் தயங்குவார்கள். எல்லாப் பெரியவர்களுக்கும் பேரப்பிள்ளைச் சத்தம் வேண்டியிருக்கிறது என்பது நாமாகக் கட்டிக்கொண்ட கதை. மகள் பிரசவத்துக்கும் மருமகள் பிரசவத்துக்குமாக நியூ ஜெர்சிக்கும் டாலஸுக்கும் ஆறாறு மாதம் போய், பனியில் அடைந்துகிடந்து, குழந்தை வளர்த்துக் கொடுத்துவிட்டு வந்தவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு இப்போது வேண்டியது சாயங்காலம் நடைப்பயிற்சிக்குத் தம் வயதில் ஒரு துணையும், ஒன்பது மணிக்கு அமைதியும்தான். அதைக் காசு கொடுத்து வாங்குவதைத் தன்னலம் என்று ஒதுக்கிவிட முடியாது.

இந்த ஏற்பாட்டின் ஊற்றுக்கண் அமெரிக்காவின் அரிசோனா மாநிலம். பீனிக்ஸ் நகரத்துக்கு வெளியே 1954-ல் பென் ஷ்லைஃபர் என்ற நில வணிகர் முதியவர்களுக்காகவே யங்டவுன் என்ற ஊரை உருவாக்கினார். அதன் பக்கத்திலேயே டெல் வெப் என்ற கட்டுமான முதலாளி 1960 ஜனவரி 1 அன்று சன் சிட்டியைத் திறந்தார். திறந்த வார இறுதியில் மட்டும் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் பார்க்க வந்தார்கள். ஓய்வு பெற்றவர்கள் மகன் வீட்டுப் பின்னறையில் முடங்காமல் கோல்ஃப் ஆடவும் நீச்சலடிக்கவும் ஓர் ஊர் என்ற எண்ணம் அன்றைக்குப் புதுசு. அங்கிருந்துதான் அது உலகமெங்கும் பரவியது. நம் ஊர் விளம்பரங்களில் வரும் ‘இரண்டாவது இன்னிங்ஸ்’ வசனங்கள்கூட அந்த வழியில் வந்தவைதான்.

சன் சிட்டியில் 19 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் குடியிருக்க முடியாது. பேரன் விருந்தாளியாக வரலாம், வருடத்துக்கு 90 நாளுக்கு மேல் தங்கக் கூடாது. குழந்தைகளே இல்லாத ஊருக்குப் பள்ளிக்கூடம் எதற்கு? அந்த வட்டாரத்தில் புதுப் பள்ளிக் கட்டடங்களுக்குக் கடன் திரட்டும் முன்மொழிவு வாக்கெடுப்புக்கு வந்தபோதெல்லாம் சன் சிட்டிப் பெரியவர்கள் திரண்டுபோய்த் தோற்கடித்தார்கள். கடைசியில் 1970-களில் அந்தப் பள்ளி மாவட்டத்திலிருந்தே ஊர் பிரிக்கப்பட்டது. பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் நெருக்கடியான வகுப்பறைகளில் உட்கார்ந்திருந்ததுதான் அதற்குள் கண்ட பலன். வயதுக்கோடு ஊருக்குள் மட்டும் நிற்காது, வெளியிலும் ஒரு நிழல் விழும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி கிடையாது.

குழந்தைகள் இருக்கும் குடும்பத்துக்கு வீடு மறுப்பது சட்டவிரோதம் என்று அமெரிக்கா 1988-ல் சட்டத்தைத் திருத்தியது. முதியோர் ஊர்களுக்கு மட்டும் விலக்கு. 1995-ல் வந்த சட்டம் அந்த விலக்கை இன்னும் எளிமையாக்கியது: குடியிருப்புள்ள வீடுகளில் குறைந்தது 80 சதவீதத்தில் 55 வயதான ஒருவராவது இருக்க வேண்டும். மிச்சம் 20 சதவீதத்தை வளாகத்தின் விருப்பத்துக்கு விட்டுவிட்டது. கணவரை இழந்த 50 வயது மனைவியும் வீட்டை வாரிசாகப் பெற்ற 40 வயது மகனும் உள்ளே இருக்க இந்த இடைவெளி வழிசெய்கிறது. நூற்றுக்கு நூறு என்று கோடு போட்டால் முதலில் அடிபடுவது அங்கேயே இருக்கும் முதியவர்களின் குடும்பங்கள்தான் என்பதைச் சட்டம் எழுதியவர்கள் புரிந்துவைத்திருந்தார்கள் போல.

யங்டவுனில் கதை வேறு மாதிரி முடிந்தது. வீட்டில் கொடுமை தாங்காமல் ஒரு பதின்வயதுப் பையன் தாத்தா பாட்டியிடம் வந்து தங்கினான். விதிப்படி அவன் போயாக வேண்டும் என்றது நகர நிர்வாகம். விவகாரம் மாநில அட்டர்னி ஜெனரல் வரை போனது. தோண்டிப் பார்த்ததில் அந்த ஊரின் வயதுக் கட்டுப்பாடே செல்லாது என்று தெரிந்து, 1998-ல் அது விலகியது. பிறகு பிள்ளைகளோடு குடும்பங்கள் அங்கே வந்து சேர்ந்தன. ஒரு பேரனை வெளியே அனுப்பப் பார்த்த ஊருக்கு அத்தனை பேரப்பிள்ளைகளும் வந்துவிட்டார்கள்.

இனி, வயதே கேட்காத ஓர் ஊர்: வளவனூர்.

விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி போகும் சாலையில் கோலியனூரைத் தாண்டி வரும் பேரூராட்சி அது. 1879-ல் போட்ட புதுச்சேரி ரயில் பாதையில் அதற்கென்று ஒரு நிறுத்தமும் உண்டு. ஒரு பக்கம் முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, மறுபக்கம் கோரிமேட்டில் ஜிப்மர். வயதான காலத்தில் குடியிருக்க இதைவிடத் தோதான இடம் எதற்கு என்று உள்ளூர்க்காரர்கள் கேட்பார்கள். அங்கே வாசலில் யாரும் வயது கேட்பதில்லை. ஆனால் தெருத்தெருவாகப் பார்த்தால் வளவனூரும் அதைப்போன்ற நூறு ஊர்களும் தாமாகவே முதியோர் குடியிருப்புகளாக மாறிக்கொண்டிருக்கின்றன. பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருக்கிறார்கள். கீழ் வீட்டில் இரண்டு பேர், இல்லை ஒருவர்.

கணக்கும் அதைத்தான் சொல்கிறது. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் 10.4 சதவீதம். 2021-ல் இது 13.6 ஆகியிருக்கும் என்றும் 2031-ல் 18.2 ஆகும் என்றும் மத்திய அரசின் மக்கள்தொகை நிபுணர் குழு மதிப்பிட்டிருக்கிறது. பெரிய மாநிலங்களில் கேரளத்துக்கு அடுத்த இடம் நமக்கு.

இந்த ஊர்களில் பெரியவர்கள் தாங்களாகவே கண்டுபிடித்த ஏற்பாடு ஒன்று உண்டு. மாடியை வாடகைக்கு விடுவது. ஆஸ்பத்திரி நர்ஸோ, பள்ளிக்கூட ஆசிரியரோ, தாலுகா ஆபீசுக்கு மாற்றலாகி வந்தவரோ குடிவருவார்கள். விளம்பரப் பலகையில் ‘ஃபேமிலிக்கு மட்டும்’ என்று எழுதியிருக்கும். ரிட்டயர்மென்ட் கம்யூனிட்டி குழந்தையை வேண்டாம் என்கிறது, வளவனூர்ப் பெரியவர் குழந்தை இருக்கும் குடும்பத்தைத்தான் வேண்டும் என்கிறார். வாடகையில் ஐநூறு குறைந்தாலும் பரவாயில்லை என்பார். அந்த ஐநூறுக்கு ஈடாக என்ன கிடைக்கிறது என்று எந்த ஒப்பந்தத்திலும் இருக்காது. கேஸ் சிலிண்டரை உருட்டிவந்து மாட்டிவிடுவது, செல்போனில் வந்த ஓ.டி.பி.யைப் படித்துச் சொல்வது, “ஆயா, மாத்திரை போட்டீங்களா?” என்று படியிறங்கும்போது ஒரு குரல் கொடுப்பது, இரவு இரண்டு மணிக்கு நெஞ்சு வலித்தால் 108-க்குப் போன் பண்ணுவது. நல்ல குடித்தனக்காரர் வாய்த்தால் எல்லாம் கிடைக்கும். வாய்க்காவிட்டால் வாடகையே ஒழுங்காக வராது. வளவனூர் ஏற்பாட்டின் பலமும் பலவீனமும் அதுதான்: முழுக்க முழுக்க மனிதரைப் பொறுத்தது.

வயதுகளைக் கலந்து வைக்கும் யோசனை அரசாங்கத்துக்கும் புதிதில்லை. எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1982 ஜூலையில் சத்துணவுத் திட்டம் தொடங்கியது. அடுத்த ஆண்டே முதியோர் ஓய்வூதியம் வாங்குவோருக்கும் அதே மையங்களில் மதியச் சாப்பாடு என்று அதை விரித்தார்கள். ஐந்து வயதுப் பிள்ளையும் எழுபது வயதுப் பாட்டியும் ஒரே அண்டாவில் வடித்த சோற்றைச் சாப்பிடலாம் என்று ஓர் அரசாணை சொன்னது. வெளிநாட்டில் நடந்திருந்தால் இதைப் பற்றி நாலு ஆவணப்படம் எடுத்திருப்பார்கள். முதியோரையும் ஆதரவற்ற குழந்தைகளையும் ஒரே வளாகத்தில் வைத்துப் பராமரிக்கும் ‘ஒருங்கிணைந்த வளாகம்’ என்ற திட்டத்தையும் சமூக நலத்துறை தொண்டு நிறுவனங்கள் வழியாக நடத்துகிறது. தாத்தா பாட்டி இல்லாத பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் இல்லாத பெரியவர்கள் என்ற இரண்டு குறையையும் ஒரே கூரைக்குக் கீழ் தீர்த்துவிடலாம் என்பது கணக்கு.

கணக்கு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் கலந்து வைத்துவிட்டால் போதும், பாசம் தானாக ஊறும் என்று நம்புகிறவர்கள் இதே விழுப்புரம் மாவட்டத்தில் நடந்த ஒன்றை நினைவில் வைத்திருப்பது நல்லது. விக்கிரவாண்டி அருகே குண்டலப்புலியூரில் இயங்கிய அன்பு ஜோதி ஆசிரமத்தில் முதியவர்கள், மனநலம் பாதித்தவர்கள், ஆதரவற்றவர்கள் என்று பல வயதினரும் ஒன்றாக இருந்தார்கள். அங்கே சேர்க்கப்பட்ட ஒரு முதியவரைக் காணோம் என்று உயர் நீதிமன்றத்துக்கு மனு போனதை அடுத்து, 2023 பிப்ரவரியில் அதிகாரிகள் உள்ளே நுழைந்தார்கள். 140-க்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்டார்கள். காணாமல்போனவர்கள் பற்றியும் அடி உதை, பாலியல் கொடுமை பற்றியும் எழுந்த குற்றச்சாட்டுகளை விசாரிக்க வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. அந்த இடத்தில் வயது கலந்திருந்ததுதான் கேடு என்று யாரும் சொல்லவில்லை. உள்ளே யார் இருக்கிறார்கள், யாருக்கு யார் பொறுப்பு என்று கேட்டால் காட்ட ஒழுங்கான பதிவேடு வேண்டும். அது இல்லாத இடத்தில் ஒரே வயதினர் இருந்தாலும் பல வயதினர் இருந்தாலும் ஆபத்து ஒன்றுதான்.

சுனாமிக்குப் பிறகு கடலூர் அருகே ஹெல்ப்ஏஜ் இந்தியா அமைத்த தாமரைக்குளம் முதியோர் கிராமம் இதற்கு நேர் எதிர். 2004 டிசம்பரில் கடல் குடும்பத்தைக் கொண்டுபோன பெரியவர்கள் உட்பட, சுமார் நூறு பேருக்கு இலவசமாக இடம் தரும் அந்தக் கிராமம் முழுக்க முதியவர்களுக்கானது. மகன், மகள், மருமகள் என்று யாரும் மிச்சமில்லாதவரிடம் போய்ப் பலதலைமுறை வாழ்க்கையின் பெருமையைப் பேசுவதில் அர்த்தமில்லை. அவருக்குத் தலைக்கு மேல் கூரையும், தன்னைப்போலவே இழந்த இன்னொருவரின் அருகாமையும் முதலில் தேவைப்பட்டன.

வளவனூரிலிருந்து கிழக்கே போனால் வானூர் வட்டத்தில் ஆரோவில். 1968 பிப்ரவரி 28 அன்று தொடங்கிய அந்த நகரத்தில் இன்று ஏறத்தாழ அறுபது நாடுகளைச் சேர்ந்த மூவாயிரத்துச் சொச்சம் பேர் இருக்கிறார்கள். செம்மண் பொட்டலில் மரம் நட இருபது இருபத்தைந்து வயதில் வந்தவர்கள் அங்கேயே எண்பதைத் தொட்டுக்கொண்டிருக்கிறார்கள். வாசலில் வயது கேட்காத சமூகத்திலும் மூப்பு வந்துதான் தீரும். ஆனால் பின்னால் வந்தவர்கள் பக்கத்து வீடுகளில் இருக்கிறார்கள். வயதுக்கோடு போட்ட வளாகங்களுக்கு இது ஒரு எச்சரிக்கை.

ஏனென்றால் அந்த வளாகங்கள் ஒரே தவணையில் மூப்படைகின்றன. வீடு விற்கும் ஆண்டில் வாங்குகிறவர்கள் அறுபதைச் சுற்றி இருப்பார்கள். முதல் பத்து ஆண்டு கொண்டாட்டம்: தீபாவளிக் கச்சேரி, காசி யாத்திரை, கேரம் போட்டி. அசோசியேஷன் செயலாளர் ஓய்வு பெற்ற வங்கி மேலாளர், பொருளாளர் ஓய்வு பெற்ற ஆடிட்டர், தண்ணீர்ப் பிரச்சினைக்கு மின்வாரியத்திலும் பொதுப்பணித்துறையிலும் இருந்த பொறியாளர்கள். நகராட்சிக் கமிஷனரே அவர்கள் முன் வாய் திறக்க யோசிப்பார். இருபதாவது ஆண்டில் அதே செயலாளருக்கு 83, பொருளாளருக்குக் கண்புரை, பொறியாளர் படுக்கையில். கட்டிய நிறுவனம் கைகழுவிப் போய் வருடங்களாகியிருக்கும். லிஃப்ட் கம்பெனிக்காரனோடு சண்டை போட ஆள் இல்லை. தோட்டத்தில் ஒரே நாளில் நட்ட வாழைகள் ஒரே நாளில் குலை சாய்கிற மாதிரி. இந்தியாவின் முதல் தலைமுறை வளாகங்கள் இப்போதுதான் அந்த இருபதாவது வருடத்தை எட்டுகின்றன. பக்கத்து வீட்டில் 45 வயதுக்காரர் ஒருவர் இருந்தால் தேவலை என்று அந்தக் கட்டத்தில்தான் தோன்றும்.

இளையவர்களைச் சேர்த்துப் பார்த்தவர்கள் என்ன செய்தார்கள்? நெதர்லாந்தின் டெவென்டர் நகரில் ஹுமானிடாஸ் என்ற முதியோர் இல்லம் இருக்கிறது. அரசு நிதியைக் குறைத்த நெருக்கடியில் அதன் இயக்குநர் கேயா சைப்கெஸ் காலியாக இருந்த அறைகளைக் கல்லூரி மாணவர்களுக்குக் கொடுத்தார். 160 முதியவர்களுக்கு நடுவே ஆறு மாணவர்கள். வாடகை கிடையாது. மாதத்துக்கு 30 மணி நேரம் ‘நல்ல அண்டை வீட்டாராக’ இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. மருந்து கொடுப்பது, குளிப்பாட்டுவது எல்லாம் ஊழியர்கள் வேலை. மாணவர்களின் வேலை சேர்ந்து சாப்பிடுவது, கணினி சொல்லிக்கொடுப்பது, காதலில் தோற்ற கதையைத் தொண்ணூறு வயதுப் பாட்டியிடம் சொல்லி அறிவுரை வாங்குவது.

சுவீடனின் ஹெல்சிங்போரியில் 2019-ல் திறந்த செல்போ என்ற குடியிருப்பில் 51 வீடுகள். 31 வீடுகள் எழுபது வயதைத் தாண்டியவர்களுக்கு, 20 வீடுகள் 18 முதல் 25 வயது இளைஞர்களுக்கு. வாடகை ஒப்பந்தத்தோடு இன்னொரு தாளிலும் கையெழுத்துப் போட வேண்டும்: வாரத்துக்கு இரண்டு மணி நேரமாவது மற்றவர்களோடு கலந்து பழகுவேன் என்று. நட்பைக் கையெழுத்துப் போட்டு வாங்க முடியுமா என்று நம்மவர்கள் சிரிக்கலாம். ஆனால் வளவனூர் மாடிக் குடித்தனத்தில் வாய்மொழியாக, அதிர்ஷ்டத்தின்பேரில் நடப்பதைத்தான் அங்கே எழுத்தில் கொண்டுவந்திருக்கிறார்கள். டெவென்டரிலும் சரி, ஹெல்சிங்போரியிலும் சரி, ‘உனக்கு எத்தனை வயது’ என்பதோடு கேள்வி நிற்கவில்லை. ‘இங்கே இருப்பவர்களுக்கு நீ என்ன செய்யப்போகிறாய்’ என்பதும் சேர்ந்து வந்தது. மெஸ் காசு எதற்கு என்று கேட்கும் ஐ.டி. தம்பதியை உள்ளே விடலாமா என்ற குழப்பத்துக்கும் இதில் விடை இருக்கிறது. வாங்கும்போதே, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் மெஸ், நர்ஸ் கட்டணம் உண்டு என்று எழுதி வாங்கிக்கொண்டால் அவர்கள் குடிவருவதில் யாருக்கு நஷ்டம்?

சிங்கப்பூர் நடுவழியில் நிற்கிறது. உட்லண்ட்ஸ் பகுதியில் உள்ள ‘கம்போங் அட்மிரால்டி’யில் முதியவர்களுக்கு மட்டும் 104 சிறு வீடுகள். அதே கட்டடத்திலேயே குழந்தைகள் காப்பகம், மருத்துவ மையம், உணவுக் கடைகள். அக்கம்பக்கத்து ஜனமெல்லாம் சாப்பிடவும் பிள்ளையை விடவும் அங்கே வந்து போகிறது. 2018-ல் உலகின் சிறந்த கட்டடம் என்ற விருதை அது வாங்கியது. படுக்க அவரவர் இடம், புழங்கப் பொது இடம். இன்னொரு பக்கம், பெற்றோரோடு அல்லது நாலு கிலோமீட்டருக்குள் மறுவிற்பனை வீடு வாங்கும் பிள்ளைகளுக்கு அரசாங்கமே மானியம் கொடுக்கிறது. பிள்ளைகளை வளாகத்துக்குள் அடைக்காமல் கூப்பிடும் தூரத்தில் வைத்திருப்பது இன்னொரு வழி. சிங்கப்பூரில் உறவுக்காரர்கள் இருக்கும் விழுப்புரத்துக் குடும்பங்களுக்கு இது கேள்விப்படாத சேதி அல்ல.

இந்தியச் சட்டம் இதில் எங்கே நிற்கிறது? 2007-ல் வந்த பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் நலச் சட்டம் 60 வயதானவரை மூத்த குடிமகன் என்கிறது. மாவட்டந்தோறும் குறைந்தது 150 வறிய முதியவர்களுக்கு இல்லம் அமைப்பது பற்றியும் அதில் பிரிவு உண்டு. காசு கொடுத்து வாங்கும் வளாகங்களுக்கு மத்திய வீட்டுவசதி அமைச்சகம் 2019-ல் மாதிரி வழிகாட்டுதல்களை வெளியிட்டு, மாநிலங்கள் பின்பற்றலாம் என்று அனுப்பியது. வழிகாட்டுதல் என்றால் வழிகாட்டுதல்தான். அமெரிக்காவின் 80-20 போல ஓர் அளவுகோல் நம்மிடம் இல்லை. நடைமுறையில் வீட்டை விற்கும்போது போடும் ஒப்பந்தமும் அசோசியேஷனின் துணைவிதியும் சொல்வதுதான் சட்டம். பார்சிகளுக்கு மட்டும் என்று விதி வைத்திருந்த அகமதாபாத் வீட்டுவசதிச் சங்கம் ஒன்றின் வழக்கில், அந்தத் துணைவிதி செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2005-ல் தீர்ப்பளித்தது. சேர்ந்து வாழ விரும்புகிறவர்கள் தமக்குள் விதி வகுத்துக்கொள்ளலாம் என்ற அந்தத் தீர்ப்பின் வெளிச்சத்தில் பார்த்தால், 55 என்று துணைவிதியில் எழுதுவதை எதிர்த்து வாதாடுவது எளிதாக இருக்காது.

ஆகவே அந்தத் துணைவிதியை யார், எப்படி எழுதுகிறார்கள் என்பதில்தான் காரியம் இருக்கிறது. அதில் அதிகம் மறந்துபோவது அறிவுசார் குறைபாடோ ஆட்டிசமோ உள்ள வளர்ந்த பிள்ளைகளை. எழுபது வயது அப்பாவுக்கும் நாற்பது வயது மகனுக்கும் தேவைப்படுவது ஒரே ஏற்பாடுதான்: நேரத்துக்குச் சாப்பாடு, அருகில் மருத்துவம், கதவைப் பூட்டாமல் நடமாட ஓர் இடம். வயதை மட்டும் பார்க்கும் விதி அப்பாவை உள்ளே விட்டு மகனை நிறுத்திவிடும். அப்பாவும் வர மாட்டார். 1999-ல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டம், இத்தகைய பிள்ளைகளுக்கு மேஜரான பிறகும் சட்டப்படி பாதுகாவலரை நியமிக்க வழிசெய்திருக்கிறது. மாவட்ட ஆட்சியர் இடம்பெறும் உள்ளூர்க் குழு அதை முடிவு செய்கிறது. பாதுகாவலர் யார் என்ற தாள் கையில் இருந்தால் உள்ளே அனுமதி, பெற்றோர் காலத்துக்குப் பிறகும் இருக்கலாம் என்று ஒரு வளாகம் விதி எழுதினால், அதற்கு விளம்பரமே தேவைப்படாது. அப்படி ஓர் இடத்துக்காகக் காத்திருக்கும் பெற்றோர் அத்தனை பேர்.

பணம் கட்டுவதற்கு முன் கேட்க வேண்டியவை விளம்பரப் புத்தகத்தில் இருக்காது. கணவர் இறந்தால் வயது குறைந்த மனைவிக்கு என்ன உரிமை என்று எழுத்தில் கேட்க வேண்டும். வாரிசு குடியிருக்கலாமா, வாடகைக்கு விடலாமா, விற்றால் யாருக்கு விற்கலாம் என்று கேட்க வேண்டும். 55-க்குக் கீழ் வாங்கக் கூடாது என்றால் மறுவிற்பனையில் கேட்பாரும் குறைவு, விலையும் குறைவு. மகள் மூன்று மாதம் வந்து தங்கினால் விருந்தாளியா, குடித்தனமா என்பதற்கு நாள்கணக்கு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

வீட்டோடு இருந்து பார்த்துக்கொள்ளும் ஆயாவைப் பற்றியும் கேட்க வேண்டும். எந்த முதியோர் வளாகத்திலும் இளையவர்கள் ஏற்கனவே இருக்கிறார்கள். சமையல்கட்டில், நர்ஸ் மேஜையில், கேட்டில், படுக்கைக்குப் பக்கத்தில். நர்ஸிங் டிப்ளமா முடித்த பெண்கள் விழுப்புரம், திண்டிவனம், கள்ளக்குறிச்சிப் பக்கங்களிலிருந்து இந்த வேலைகளுக்குச் சென்னைக்கும் கோயம்புத்தூருக்கும் போகிறார்கள். இருபத்துநாலு மணி நேர டூட்டி என்று அழைத்துச்செல்லப்படும் அந்தப் பெண்ணுக்குத் தனியாகப் படுக்க அறை உண்டா, அவள் பிள்ளை பள்ளி விடுமுறையில் வந்து ஒரு வாரம் அம்மாவோடு தங்கலாமா, மெஸ்ஸில் மற்றவர்களோடு உட்கார்ந்து சாப்பிடலாமா என்பதற்கும் துணைவிதியில் ஒரு வரி தேவை. பெரும்பாலான வளாகங்களில் அந்த வரியை அசோசியேஷன் கூட்டத்தில் யாராவது முன்மொழிந்து கையைத் தூக்கினால்தான் சேர்ப்பார்கள்.